ஹயாஷி சானுக்கு வாசித்துச் சொன்ன எழுத்துகள்

1. மூன்று சொட்டு, ஒரு ஜன்னல்

ஜப்பானிலிருந்து போனில் பேசியவர் திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் கேட்டார். "ரீட், ப்ளீஸ்."

என்னால் வாசிக்க முடியவில்லை. மெஷின் நின்று இருபது நிமிடம் ஆகியிருந்தது. ஸ்கிரீனில் நான்கு ஜப்பானிய எழுத்துகள் சிவப்பில் மின்னிக்கொண்டிருந்தன. எனக்குப் பின்னால் மெயின்டனன்ஸ் மேனேஜர் பிரகாஷ் சார் இடுப்பில் கை வைத்து நின்றார்.

கர்நாடகத்தில் மாலூர் பக்கம் ஒரு பிரஸ் ஷாப் அது. கார் கதவுக்குள் வரும் தகடுகளை அழுத்தி எடுப்பார்கள். ஜப்பானில் பல வருடம் ஓடிய ஹைட்ராலிக் பிரஸ் ஒன்றை வாங்கிக் கப்பலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். பட்டன், மீட்டர், ஸ்கிரீன் எல்லாவற்றிலும் அவர்கள் எழுத்துதான். நிறுவ வந்தவர்கள் முக்கியமான பட்டன்களுக்கு இங்கிலீஷ் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார்கள். எண்ணெய்க் கை பட்டுப் பட்டு மூன்று மாதத்தில் அது உரிந்துவிட்டது.

எனக்கு அது பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை. எந்தப் பட்டன் என்ன செய்யும் என்று தெரியும். எழுத்துக்கெல்லாம் நானே தமிழில் பெயர் வைத்திருந்தேன். ஒன்று 'நிற்கிற ஆள்'. ஒன்று 'கவிழ்ந்த கூடை'. ஒன்று 'கீழே அடித்த ஆணி'. இப்படியே ஐந்து மாதம் ஓட்டினேன். அந்த ஐந்து மாதமும் ஒருவரும் என்னை வாய்விட்டு வாசிக்கச் சொல்லவில்லை.

அன்று சொன்னார்கள். நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஆரம்பித்தேன். "சார், த்ரீ டிராப்ஸ். சைடுல ஒன் விண்டோ. நெக்ஸ்ட், சாய்ப்பு... ஷெட் சார், ஷெட், கீழ மண்ணு. நெக்ஸ்ட், ஒரு ஆளு..."

போனில் சத்தமே இல்லை. பிறகு அதே குரல், கோபமில்லாமல்: "ரீட், ப்ளீஸ்."

"ஏன்ரீ ராஜன்," என்றார் பிரகாஷ் சார் கன்னடம் கலந்து, "அஞ்சு மாசமா இந்த மெஷினுக்குத் தாலி கட்டினவன் மாதிரி சுத்தறியே, அது பேரு ஒண்ணும் கேட்டுக்கலையா நீ?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

போனில் படம் எடுத்து அனுப்பலாமே என்று இப்போது படிப்பவர்கள் கேட்கலாம். செல்போனைக் கேட்டிலேயே வாங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள். உள்ளே எடுக்கும் படம் எதுவானாலும் எங்களிடம் தகடு வாங்கும் கார் கம்பெனியின் அனுமதி வேண்டும். அந்த அனுமதி வர இரண்டு நாள் ஆனது. படம் போனதும் ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: ஹைட்ராலிக் பிரஷர் குறைந்திருக்கிறது, பம்புக்கு எண்ணெய் போகும் வழியில் ஃபில்டரைப் பார். ஃபில்டர் அடைத்திருந்தது. கழற்றிக் கழுவி மாட்ட அரை மணி நேரம். அரை மணி நேர வேலைக்கு இரண்டு நாள் மெஷின் நின்றது.

அந்த நான்கு எழுத்தின் உச்சரிப்பு 'யுஅத்சு தெய்கா'. என் அம்மா பெயர் மறந்தாலும் அது மறக்காது.

2. திரும்பி வரும் பெல்

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோலார் தங்க வயலில் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் பிறந்தவன். ஒன்பதாம் வகுப்பில் இரண்டு முறை தேறவில்லை. லாரி கிளீனர், ஹொஸ்பேட்டையில் கல் அரைக்கும் மெஷினுக்கு கிரீஸ் வைப்பவன், கோவாவில் மணல் அள்ளும் படகில் ஆயில்மேன், சூரத்தில் தறி ஃபிட்டர். எங்கும் இரண்டு வருடம் முழுசாகத் தங்கியதில்லை. சண்டை ஒன்றும் இல்லை. ஒரு நாள் ரயில் சத்தம் காதில் விழும், கிளம்பிவிடுவேன். கல்யாணத்துக்குப் பிறகும் இந்த வியாதி போகவில்லை. மாலூரில் மட்டும் பதினோரு வருடமாக நிற்கிறேன். நிறுத்தியவை அந்த எழுத்துகள்.

என் அப்பாவை நைனா என்போம். சுரங்கத்தில் கேஜுக்கு பெல் அடிக்கிற வேலை. கேஜ் என்றால் ஆட்களைச் சுரங்கக் குழியில் இறக்கி ஏற்றும் கூண்டு. நைனா கீழே லெவலில் நின்றுகொண்டு கம்பியை இழுத்து பெல் அடிப்பார். இத்தனை பெல் என்றால் ஏற்று, இத்தனை என்றால் இறக்கு, இத்தனை என்றால் உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள். மேலே எஞ்சின் ஓட்டுபவர் உடனே ஓட்ட மாட்டார். தன் காதில் விழுந்த பெல்லை அப்படியே திருப்பி அடிப்பார். அது கீழே கேட்ட பிறகுதான் கேஜ் நகரும். திரும்பி வரவில்லை என்றால் எங்கோ தப்பு என்று அர்த்தம். மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டும்.

"ஒருத்தன் மூஞ்சி ஒருத்தன் பாக்க மாட்டோம்," என்பார் நைனா. "நான் பாதாளத்துல, அவன் வெளிச்சத்துல. பெல்லு திரும்பி வந்துச்சின்னா ஆளு கீறான்னு அர்த்தம்."

ஏழு வாரம் கழித்து மெஷின் மறுபடி நின்றது. அதற்குள் ஐம்பது எழுத்தாவது உச்சரிப்போடு படித்து, பாதியை மறந்திருந்தேன். போனை நானே எடுத்துப் பேசினேன். அதே குரல். இந்த முறை பெயரைச் சொன்னார்: ஹயாஷி. அவர்கள் வழக்கப்படி நான் ஹயாஷி சான் என்பேன், சான் என்றால் நம் சார் போல. அவர் பழைய மெஷின்களின் சர்வீஸ் பிரிவில் இருப்பவர். எங்கள் பிரஸ்ஸை அது புதிதாக இருந்த நாளிலிருந்து தெரிந்தவர்.

"ரீட், ப்ளீஸ்."

"ரெய்க்யாகு சுய்," என்றேன். குளிர்விக்கும் தண்ணீர்.

"ரெய்க்யாகு சுய்," என்றார் அவர். அவ்வளவுதான். சரி என்றும் சொல்லவில்லை, பலே என்றும் சொல்லவில்லை. நான் சொன்னதைத் திருப்பிச் சொன்னார்.

அடுத்த எழுத்தைத் தப்பாக வாசித்தேன் போல. அந்தப் பக்கம் சத்தமே வரவில்லை. வேறு விதமாகச் சொன்னேன். மௌனம். மூன்றாவது விதமாகச் சொன்னேன். உடனே அது திரும்பி வந்தது.

போனைக் காதோடு இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அந்த முறை பிறந்ததிலிருந்து தெரியும். சரியாகச் சொன்னால் திரும்பி வரும். தப்பாகச் சொன்னால் மௌனம்.

3. வீட்டுப் பேர், மஸ்டர் பேர்

படித்தது எல்லாம் ரயிலில். காலை வண்டியில் நான் சாம்பியனில் ஏறுவேன். ஜன்னல் ஓரம் துண்டு போட்டு இன்னொரு இடம் பிடித்து வைப்பேன். அடுத்த ஸ்டேஷன் கோரமண்டலில் தாஸ் ஏறுவான். எங்கள் பிரஸ் ஷாப்பிலேயே வேலை, ஐடிஐ முடித்தவன், என்னைவிடப் பத்து வயது சின்னவன். அவன் சீட்டாட ஆள் சேர்ப்பான். நான் அட்டையைப் பிரிப்பேன். தகடு அழுத்தும் அச்சின் பழைய டிராயிங்கைச் சின்னச் சின்னதாக வெட்டி, ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் செல்போனில் கேட்ட உச்சரிப்பைத் தமிழில் எழுதிய அட்டைகள்.

"இன்னாண்ணா, ஜப்பான்காரி யாரனா மாட்டிக்கினாளா?" என்பான் தாஸ். "இந்த வயசுல பத்தாவது எயுதியிருந்தாகூட பாஸாயிருப்ப நீ."

எழுத்தின் வடிவம் எனக்குச் சீக்கிரம் பிடிபட்டது. அர்த்தமும் பிடிபட்டது. உச்சரிப்புதான் நிற்கவில்லை. காரணம், அந்த எழுத்துகளில் அநேகத்துக்கு ஒன்றுக்கு மேல் உச்சரிப்பு. தண்ணீருக்கான எழுத்து தனியாக இருந்தால் 'மிசு'. வேறு எழுத்துகளோடு சேர்ந்து வந்தால் 'சுய்'. கை தனியாக இருந்தால் 'தெ', சேர்ந்தால் 'ஷு'. எண்ணெய் தனியாக 'அபுரா', சேர்ந்தால் 'யு'. எண்ணெய் டிரம்மில் எழுதியதைப் படித்தவன் மெஷின் பேனலில் தோற்றுப்போவான். இரண்டு மாதம் குருட்டு மனப்பாடம் செய்து, பங்காருபேட்டை வருவதற்குள் மறந்தேன்.

பிடி கிடைத்தது நைனாவால்.

நைனாவின் பெயர் ஏழுமலை. ஆனால் சுரங்கத்து மஸ்டரில், அந்த ஆள் பதிவேட்டில், அவர் முனுசாமி. முனுசாமி என்பது அவருடைய பெரியப்பா மகன். குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்து, மெடிக்கல் பாஸாகி, டோக்கனும் வாங்கிவிட்டான். முதல் நாள் கேஜில் இறங்கினவன், மேலே வந்ததும் செருப்பைக்கூட எடுக்காமல் ஊருக்கு ஓடிவிட்டான். டோக்கன் சும்மா கிடக்கக் கூடாதென்று மறுநாள் நைனா அதை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார். டோக்கன் நம்பரைத்தான் பார்த்தார்கள், மூஞ்சியைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து முப்பத்தோரு வருடம் அவர் முனுசாமி. எங்கள் லைனில் இப்படி நாலைந்து பேர் இருந்தார்கள். யாரும் அதைப் பெரிதாகப் பேசியதில்லை.

"ஊட்ல நான் ஏயுமலை," என்பார். "கேட்டத் தாண்டுனா முனுசாமி. ரெண்டு பேருக்கும் வயிறு ஒண்ணு."

ஒரு நாள் ரயில் ஊர்காம் தாண்டும்போது இது சட்டென்று நினைவுக்கு வந்தது. அட்டையை எடுத்தேன். எண்ணெய். வீட்டில் தனியாக இருக்கும்போது அபுரா. ஷிஃப்டில் மற்றவர்களோடு நிற்கும்போது யு. ஆள் ஒன்றுதான். தனியாக நின்றால் வீட்டுப் பேர். கூட்டத்தோடு நின்றால் மஸ்டர் பேர்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு எழுத்தையும் எங்கள் லைனில் ஒரு வீட்டில் குடிவைத்தேன். முதல் வீட்டில் தண்ணீர். அவனைக் கதவைத் தட்டிக் கூப்பிட்டால் மிசு, கேட்டில் கூப்பிட்டால் சுய். இரண்டாவது வீட்டில் கை. இப்படி ஏழு லைன் நிரம்பியது. எல்லா நேரமும் இது பலிக்காது. சில எழுத்துகள் கூட்டத்தில் நிற்கும்போதும் வீட்டுப் பேரை விடாது. எண்ணெய் கசிகிறது என்பதை அபுரா மோரே என்றுதான் சொல்கிறார்கள். சுரங்கத்திலும் அப்படிச் சிலர் உண்டு. ஷிஃப்ட் பாஸ் மஸ்டர் பேர் சொல்லிக் கத்தினாலும் திரும்ப மாட்டார்கள். அந்த மாதிரி ஆட்களுக்கு லைன் கடைசியில் தனி வீடு கொடுத்தேன்.

'கீழே' என்ற எழுத்துதான் பெரிய தொல்லை. ஷிதா, கா, கெ, ஷிமோ, இன்னும் இருக்கிறது. தாஸிடம் காட்டினேன்.

"இவன் உன்ன மாரிண்ணா," என்றான். "ஊரு ஊராப் போயி வேல பாத்துக்கீறான். போற எடத்துலல்லாம் ஒரு பேரு."

சீட்டாடியவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அந்த எழுத்து அன்றோடு மனதில் ஏறிவிட்டது.

4. மதிய மணி

இப்படி ஆறு வருடம் போனது. மாதம் ஒரு தடவையாவது ஹயாஷி சானோடு பேச வேண்டி வரும். மெஷினுக்கு வயதாகிவிட்டது, ஏதாவது ஒன்று வரும். நான் வாசிப்பேன், அவர் திருப்பிச் சொல்வார். பிறகு என்ன செய்ய வேண்டும் என்று நாலு வார்த்தை. அவருக்கு இங்கிலீஷ் எனக்குத் தெரிந்த அளவுதான் தெரியும்.

காலையில் மெஷினை ஓட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு மீட்டரையும் விரலால் சுட்டிக்காட்டி, அதன் பெயரை உரக்கச் சொல்லி, 'யோஷி' என்று முடிக்க வேண்டும். சரியாக இருக்கிறது என்று அர்த்தம். ஜப்பான் தொழிற்சாலைகளில் இது வழக்கம். இங்கே எல்லாரும் வெட்கப்பட்டு முணுமுணுப்பார்கள். நான் கத்துவேன். தென்கென் யோஷி, கரண்ட் சரி. அத்சுர்யோகு யோஷி, அழுத்தம் சரி. கடைசியாக ஒரு பட்டன், 'கென்தென் ஃபுக்கி'. அதை அழுத்தினால் மெஷின் தான் கிளம்பிய இடத்துக்குத் திரும்பிப் போய் நிற்கும். அங்கிருந்துதான் நாள் ஆரம்பமாகும்.

எங்கள் எட்டரை மணி அவர்களுக்குப் பன்னிரண்டு. அந்த நேரத்தில் பேசினால் போனில் அவர்கள் சாப்பாட்டு மணி கேட்கும். பள்ளிக்கூட மணி போல அல்ல, யாரோ மெதுவாகப் பாடுவது போல. கோடையில் இன்னொரு சத்தம் கேட்கும். ரம்பம் ஓடுவது போல, விடாமல். மெஷினோ என்று கேட்டேன். அவர் சிரித்தார். ஆறு வருடத்தில் அவர் சிரித்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

"செமி," என்றார். ஒரு பூச்சி. மரத்தில் உட்கார்ந்து கத்துமாம்.

"செமி," என்று நான் திருப்பிச் சொன்னேன். அன்று மட்டும் வேலை மாறிவிட்டது.

நான் எத்தனையோ ஊருக்குப் போயிருக்கிறேன். எதற்கும் ஆசைப்பட்டுப் போனதில்லை. கால் போனது, பின்னாலேயே நானும் போனேன். ஜப்பான் ஒன்றுதான் உட்கார்ந்த இடத்திலிருந்து நான் ஆசைப்பட்டது. அந்த மணியையும் அந்தப் பூச்சியையும் போன் இல்லாமல் கேட்க வேண்டும். அவர் மேஜைக்கு முன்னால் போய் நின்று, ஏதாவது ஒரு மெஷினைக் காட்டி வாசிக்க வேண்டும். என் மனைவி சரோஜாவிடம் ஒரு நாள் சொன்னேன்.

"அவரப் பாத்து இன்னா பண்ணப் போற?" என்றாள்.

"ஒண்ணும் இல்ல. படிச்சிக் காட்டணும்."

"அதான் போன்ல காட்டறியே."

சரிதான். அட்டைகளை எடுத்து அடுக்கினேன்.

5. யார் உங்கள் அப்பா

புது பிரஸ் வாங்கப் போகிறார்கள், ஒருவரை மூன்று மாதப் பயிற்சிக்கு ஜப்பான் அனுப்பப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. படிப்பு எதுவும் பார்க்க மாட்டோம், பேனலை வாசிப்பவன் போவான் என்றார் பிரகாஷ் சார். ஸ்பீக்கர் போனில் ஹயாஷி சான். நாற்பது லேபிள். தாஸ் ஆறில் நின்றுவிட்டான். நான் வாசித்ததில் முப்பத்தெட்டு திரும்பி வந்தது.

கடைசியில் ஹயாஷி சான் இங்கிலீஷில் ஒன்று சொன்னார். "ராஜன் சான். கம் பிஃபோர் ஐ ஃபினிஷ்." அவர் அந்தப் பயிற்சிக் காலத்தின் கடைசி மாதத்தில் ஓய்வு பெறுகிறார் என்று பிரகாஷ் சார் விளக்கினார். பாஸ்போர்ட்டுக்கு ஆறு வாரம் அவகாசம்.

பாஸ்போர்ட் ஆபீஸ் கவுண்டரில் ஒரு அம்மா. என் காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஆதாரில் பிறந்த வருடம் மட்டும்தான் இருந்தது, தேதி இல்லை. தேதிக்கு ஸ்கூல் டிசி கொடுத்திருந்தேன். சுரங்கத்து ஸ்கூல். மஸ்டரில் உள்ள பெயரைத்தான் அங்கே எழுதுவார்கள்.

"ஆதார்ல அப்பா பேரு ஏழுமலை. டிசில முனுசாமி. இதுல யாரு சார் உங்க அப்பா?"

"ரெண்டு பேரும்தான் மேடம்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வரிசையில் பின்னால் நின்றவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கினான். நான் முனுசாமி ஓடிப்போன கதையை ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார், பாதியில் கையை உயர்த்தினார். "நீங்க சொல்றது சரியா இருக்கலாம். காகிதம் ஒண்ணா இருக்கணும்."

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு டைப்பிங் சென்டர்காரர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, இரண்டு பெயரும் ஒரே ஆள் என்று நிரூபிப்பது. அஃபிடவிட், பேப்பரில் விளம்பரம், குடியாத்தத்தில் அந்த நிஜ முனுசாமியின் குடும்பத்தாரைத் தேடிப் பிடித்து அவர்கள் கையெழுத்து, பழைய சுரங்க ஆபீஸ் ரெக்கார்டு. நாலைந்து மாதம் ஆகும். இன்னொன்று, ஆதாரை முனுசாமி என்று மாற்றிவிடுவது. இரண்டு வாரம்.

"காயிதம் தானண்ணா," என்றார் அவர். "செத்தவரு வந்து கேக்கவா போறாரு?"

சரோஜாவும் அதைத்தான் சொன்னாள். "உங்க நைனாவே முப்பது வருசம் முனுசாமியா இருந்துட்டுப் போனாரு. நீ ரெண்டு வாரம் முனுசாமி மகனா இரேன். போய் அந்த மனுசனப் பாத்துட்டு வா. வந்து மாத்திக்கலாம்."

எனக்கும் சரியாகத்தான் பட்டது. மறுநாள் லீவு போட்டு டைப்பிங் சென்டருக்குப் போனேன். ஸ்டாம்பு பேப்பரில் டைப் அடித்து வைத்திருந்தார். தமிழில் படித்துச் சொல்லச் சொன்னேன். படித்தார். 'எனது தந்தையின் பெயர் முனுசாமி. ஏழுமலை என்பது தவறுதலாகப் பதிவான பெயர். அப்படி ஒருவருக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.'

"கடைசி லைன் எடுத்துடலாமா?" என்றேன்.

"அது இல்லாம ஒத்துக்க மாட்டாங்கண்ணா."

பேனாவை வாங்கி உட்கார்ந்திருந்தேன். நைனா நெஞ்சில் தூசு ஏறிச் செத்தார். எல்லா ஆஸ்பத்திரி சீட்டிலும் முனுசாமி. பெட்டில் தொங்கிய அட்டையில் முனுசாமி. புதைத்த இடத்தில் சின்னதாக ஒரு சிமெண்ட் பலகை வைத்தோம். ஈரம் காய்வதற்குள் ஆணியால் அதில் ஏழுமலை என்று எழுதியது நான். வேறு எங்கும் அந்தப் பெயர் இல்லை. என் ஆதாரில் இருக்கிறது, அந்தப் பலகையில் இருக்கிறது.

ஆறு வருடமாக ரயிலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்த விதி ஞாபகத்துக்கு வந்தது. கூட்டத்தோடு நின்றால் மஸ்டர் பேர். தனியாக நின்றால் வீட்டுப் பேர். நைனாவுக்கு இப்போது ஷிஃப்டும் இல்லை, வரிசையும் இல்லை. அவர் தனியாகத்தான் இருக்கிறார்.

பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். "மொத வழியே பாத்துக்கலாம்," என்றேன்.

"டைமு தாண்டிடுமே?"

"தாண்டும்."

பிரகாஷ் சாரிடம் போய்ச் சொன்னேன். "ஹுச்சப்பா நீனு," என்றார். பைத்தியக்காரன். திட்டுவது போலத்தான் சொன்னார், ஆனால் குரலில் கோபம் இல்லை. தாஸிடம் பாஸ்போர்ட் தயாராக இருந்தது. தாஸ் போனான். போவதற்கு முந்தைய வாரம் ரயிலில் சீட்டுக்கட்டைத் தொடவே இல்லை. என் அட்டைகளைக் கேட்டு வாங்கி, மாலூர் வரை ஒன்றொன்றாக என்னிடம் ஒப்பித்தான். தப்பாகச் சொன்னால் நான் பேசாமல் இருந்தேன்.

6. பெயர் தெரியாத ஊர்

மூன்று மாதமும் நான் அவன் இடத்துக்குத் துண்டு போட்டேன். கோரமண்டலில் வேறு யாராவது வந்து உட்கார்வார்கள். திரும்பி வந்த அன்று காலை அவன் ஏறினான், கொஞ்சம் வெளுத்திருந்தான்.

"ஆளு குள்ளம்ண்ணா," என்றான், உட்காருவதற்குள். "உன் தோள் வரைக்கும்கூட இல்ல. மொத நாளு கேட்டாண்ட வந்து நிக்கிறாரு, கையில அட்ட. அதுல இன்னமோ எயுதிக்கீது. நான் வணக்கம் வெச்சன். அவரு என் பின்னால பாக்கறாரு. வேற ஆளு வருதான்னு."

"அட்டைல இன்னா எழுதியிருந்துச்சி?"

"உன் பேருண்ணா."

ஆள் மாறியதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வண்டி பெமல் நகர் தாண்டியது. தாஸ் பையிலிருந்து ஒரு கவரை எடுத்துக் கொடுத்தான். ஹயாஷி சான் கடைசி நாள் கொடுத்தது. அவர் ஓய்வு பெற்று சொந்த ஊருக்குப் போய்விட்டார். இப்போது அந்த போனை எடுப்பவர் நல்ல இங்கிலீஷ் பேசுகிறார். கார் கம்பெனியும் விதியைத் தளர்த்திவிட்டது. ஸ்கிரீனைப் படம் எடுத்து அனுப்பினால் போதும், யாரும் எதையும் வாசிக்கச் சொல்வதில்லை.

என் பாஸ்போர்ட் அதற்குப் பிறகு நாலு மாதம் கழித்து வந்தது. அப்பா பெயர் ஏழுமலை. ஒரு பக்கத்திலும் முத்திரை இல்லை.

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். மெஷின் முன்னால் நிற்கும்போது மனசுக்குள் படிக்காதீர்கள். வாயைத் திறந்து சொல்லுங்கள். கேட்கிற தூரத்தில் இன்னொருவரை வைத்துக்கொள்ளுங்கள். சொன்னது அவர் வாயிலிருந்து திரும்பி வரும் வரை பட்டனில் கை வைக்காதீர்கள். படம் எடுத்து அனுப்புவது வேகமான வேலை, நானும் செய்கிறேன். ஆனால் அதில் அந்தப் பக்கம் ஆள் இருக்கிறாரா என்று தெரியாது.

தாஸ் கொடுத்த கடிதத்தை அன்றைக்கே சாயங்காலம் சாம்பியன் பிளாட்பாரத்தில் இறங்கியதும், கூட்டம் போன பிறகு பிரித்தேன். நான்கே வரி. ஜப்பானில் வெளிநாட்டுக்காரர்களுக்கு எழுதும்போது கஷ்டமான எழுத்தின் தலைமேல் உச்சரிப்பைச் சின்னதாக எழுதிக் கொடுப்பார்கள். தாஸுக்கு அவர் எழுதிக் கொடுத்த குறிப்புகளில் எல்லாம் அப்படித்தான் இருந்தது. எனக்கு எழுதியதில் ஒரு எழுத்துக்கும் அது இல்லை. நான் வாசித்துவிடுவேன் என்று விட்டிருக்கிறார்.

வாசித்தேன். உங்கள் குரல் எனக்குத் தெரியும் என்றது முதல் வரி. முகத்துக்காகக் காத்திருந்தேன் என்றது இரண்டாவது. மூன்றாவது, இனி நான் இந்த ஊரில் இருப்பேன், வாருங்கள். நான்காவது வரியில் ஊர்ப் பெயர், இரண்டே எழுத்து. இரண்டும் எனக்கு நன்றாகத் தெரிந்த எழுத்துதான். சின்ன, மலை. பிளாட்பாரத்துக்கு எதிரே பழைய மில்லில் தங்கம் பிரித்துக் கொட்டிய மண்ணில் எழுந்த சைனைட் மலை தெரிகிறது, அதையும் அந்த இரண்டு எழுத்தால் எழுதிவிடலாம். ஆனால் ஊர்ப் பெயரில் எழுத்துகள் எந்த விதிக்கும் கட்டுப்படாது. வீட்டுப் பேரா மஸ்டர் பேரா என்று அந்த ஊர்க்காரர் சொன்னால்தான் உண்டு. செல்போனில் தேடினேன், இரண்டு விதமாகவும் காட்டியது.

"கொயாமா," என்றேன் வாய்விட்டு.

சத்தம் இல்லை.

"ஒயாமா."

மாரிக்குப்பம் போகும் அடுத்த வண்டியின் பின்விளக்கு வளைவில் மறைந்தது. நான் கடிதத்தை மடிக்காமல் பிடித்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து வாசித்தேன்.